பாறையும் சுதையும் நீரும்: மாத்தளை மாவட்டத்துத் தொல்லிடங்களில் நீர்விலக்கு முறைகள் – ஒரு வரலாற்று நோக்கு

சிகிரியா ஓவியங்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை, அங்கு எழுதப்பட்டுள்ள மகளிர் யாவர் என்னும் ஒரு வினாவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. பிதுரங்கல விகாரைக்கு வழிபாட்டிற்குச் செல்லும் அரசமாதர் என்றார் பெல். தேவகன்னியர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மின்னலும் மேகமும் பெண்ணுருக் கொண்டன என்றார் பரணவிதான. மகாயான பௌத்தத்தின் தாரா தேவியே அவர் என்று வாதிட்டார் ராஜா த சில்வா. இவ்வாதம் இன்னும் முடிந்தபாடில்லை, முடியப்போவதுமில்லை போலும். ஆயின் அம்மகளிர் யாவராயினும் ஆகுக, பதினைந்து நூற்றாண்டுக் காலம் வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும் ஒரு பாறைச் சரிவில், வெறுங் களிமண்ணாலும் சுண்ணாம்பாலும் ஆன மெல்லிய பூச்சின் மீது அவர்கள் எவ்வாறு நிலைத்து நின்றனர் என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. இவ்வினா இரசாயனவியலாளருக்கு மட்டுமே உரியதன்று. வரலாற்று மாணவனுக்கும் உரியதே. ஏனெனில், எஞ்சியிருப்பதைக் கொண்டே வரலாறு எழுதப்படுகின்றது. எது எஞ்ச வேண்டும், எது அழிய வேண்டும் என்பதை இம்மண்ணில் பெரும்பாலும் தீர்மானித்திருப்பது நீரே.

சிகிரியாவை அநுராதபுரத்தோடோ பொலன்னறுவையோடோ சேர்த்து எண்ணுவது வழக்கமெனினும், நிர்வாக அடிப்படையில் அது மத்திய மாகாணத்து மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். தம்புள்ளைக் குகைக் கோயில்களும், நாலந்தைக் கெடிகேயும், திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடமென மரபு கூறும் அலுவிகாரையும் இம்மாவட்டத்தினவே. மாவட்டத்தின் தென்பகுதி மலைசார்ந்தது, ஈரமிக்கது. வடபகுதி உலர்வலயம். அங்கு ஆண்டின் பெரும்பகுதி நிலம் காய்ந்து கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கிய பின்னரோ சில மாதங்களுக்குள் மழை பொழிந்து தள்ளும். நனைதலும் காய்தலும் ஆண்டுதோறும் இவ்வாறு மாறி மாறி நிகழ்தலே கட்டடப் பூச்சுகளுக்குக் கொடும் பகை. இடைவிடாத ஈரத்தைக்கூட ஒரு சுவர் தாங்கிவிடும். இம்மாற்றத்தைத் தாங்குதல் அரிது.

இதன் காரணத்தை உணர, பொருளின் இயல்பை ஓரளவு அறிதல் வேண்டும். களிமண், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியன யாவும் நுண்டுளைகள் நிறைந்த கனிமப் பொருள்கள். அவற்றின் மேற்பரப்பு நீரை விரும்புவது. ஒரு துளி நீர் அவற்றின் மீது விழுமாயின் அது பரந்து, மயிர்த்துளை வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. துளை எத்துணை நுண்ணியதோ அத்துணை வலிமையோடு இழுக்கப்படுகிறது. உட்சென்ற நீர் களிமண்ணை வீங்கச் செய்யும். காயும்போது அது சுருங்கும். நீரிற் கரைந்துவந்த உப்புகள், நீர் ஆவியாகும் இடத்திற் பளிங்காகி வளர்ந்து பூச்சைப் பெயர்க்கும். இதற்கு மாறான இயல்புடையது தாமரையிலை. அதன் மேற்றோலிலுள்ள மெழுகுத் துணிக்கைகள் நீரை ஏற்பதில்லை. துளி முத்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. நீரை விரும்பும் துளையுடைப் பொருளொன்றைத் தாமரையிலையின் இயல்புடையதாக ஆக்குதலே நீர்விலக்கு முறை எனப்படுவது. பூச்சின் மீது அதனைச் செய்வது ஒரு வழி. நீர் பூச்சை வந்து சேராதவாறு தடுத்தல் மற்றொரு வழி. மாத்தளை மாவட்டத்து முன்னோர் இரண்டாவதிலிருந்தே தொடங்கினர்.

கிறித்துவுக்கு முற்பட்ட மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகள் முதலாகச் சிகிரியாவிலும் தம்புள்ளையிலும் பௌத்த துறவியர் இயற்கைக் குகைகளில் வாழ்ந்தனர். அக்குகைகளின் நெற்றியில், பாறையைக் குடைந்து நீண்டதொரு விளிம்பு வெட்டப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். சிங்களத்திற் கடாரம் என்றழைக்கப்படும் இந்நீர்வடி விளிம்பின் கீழேதான், குகையைச் சங்கத்திற்கு ஈந்தவரின் பெயர் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். கல்வெட்டு மாணவர் எழுத்தைப் படிக்கின்றனர், விளிம்பை நோக்குவதில்லை. கருங்கற் பாறையின் மீது வழிந்துவரும் மழைநீர், பாறை உள்நோக்கி வளையுமிடத்திற் கீழே விழுந்துவிடுவதில்லை. பாறையோடு ஒட்டிக்கொண்டே தலைகீழாகக் குகையின் உட்கூரை வரை ஓடும். நீர் கல்லை விரும்புவதால் நேரும் விளைவு இது. கூர்மையானதொரு விளிம்பை வெட்டிவிட்டால் அவ்வொட்டுதல் அறுபடுகிறது. விளிம்பின் நுனியில் நீர் திரண்டு, தன் எடையாற் சொட்டாக வீழ்கிறது. கல்லின் இயல்பை மாற்றாமலேயே, அதன் வடிவத்தை மாற்றி நீரை விலக்கிய முறை இது. எவ்வித மெழுகும் எண்ணெயும் வேண்டாது, புதுப்பித்தலும் வேண்டாது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இன்றும் தொழிற்படுகின்றது.

இம்முறை இலங்கைக்கே தனித்துவமானதன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். பாண்டிநாட்டில் மாங்குளம், திருப்பரங்குன்றம் முதலிய இடங்களிலுள்ள சமணர் குகைகளிலும் இத்தகைய விளிம்பும், அதனை அடுத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. பிற்காலக் கற்றளிகளில் இதன் பணியையே கபோதம் எனப்படும் வளைந்த கொடுங்கை செய்தது. பல்லவ மரபைச் சார்ந்த நாலந்தைக் கெடிகே, மகாவலித் திட்டத்துப் போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதிருக்க 1970களிற் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980 அளவில் மேட்டில் மீளக் கட்டப்பட்டது. மழையைத் தாங்கி நின்ற கட்டடம் குளத்துக்கு அஞ்சி இடம்பெயர நேர்ந்தது.

வடிவத்தாற் காக்க இயலாத இடங்களில் யாது செய்தனர் என்பதற்குச் சிகிரியாவே விடை கூறும். தந்தையாகிய தாதுசேனனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றிய காசியப்பன் (477–495), தம்பி மொகல்லானனுக்கு அஞ்சி இக்குன்றில் அரண் அமைத்தான் என்கின்றது சூளவம்சம். சூழவுள்ள சமவெளியினின்றும் ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்து நிற்கும் இக்குன்றின் மேற்குமுகத்தில் சுதை பூசி ஓவியம் எழுதப்பட்டது. பாறையில் ஆங்காங்கே எஞ்சியுள்ள பூச்சுத் தடங்களைக் கொண்டு, ஓவியப்பரப்பு ஏறத்தாழ 140 மீற்றர் நீளமும் 40 மீற்றர் உயரமும் உடையதாயிருந்திருக்கலாமென மதிப்பிட்டுள்ளனர். குன்றின் முகம் முழுவதுமே ஒரு பெருஞ் சித்திரக்கூடமாயிருந்தது என 1907இல் ஜோன் ஸ்டில் கருதினார். இன்றோ முழுமையாகக் காணத்தக்க உருவங்கள் இருபதளவிலேயே உள்ளன. அவையும் குன்றின் இடைநடுவே, பாறை உட்குழிந்து மேற்பகுதி குடைபோற் கவிந்த ஓரிடத்தில் மட்டுமே உள்ளன.

ஒரே குன்று, ஒரே சுதை. ஒரே காலத்து வண்ணமென்றே கொள்ளலாம். மழை படாத இடத்தில் ஓவியம் பிழைத்தது. மழை பட்ட இடத்தில் அழிந்தது. எந்த ஆய்வுகூடத்திலும் இத்துணைப் பெரிய, இத்துணை நீண்ட சோதனையை நடத்துதல் இயலாது. சிகிரியாச் சுதை தன்னளவில் நீரை விலக்கவல்லதன்று என்பதை இது ஐயந்திரிபற நிறுவுகின்றது. அச்சுதையின் அமைப்பும் இதற்கு இயைபுடையதே. பாறையை அடுத்து, உமியும் தாவர நாரும் கலந்து பிசைந்த களிமண் அடுக்கு. இறுதியில் வழவழப்பாக்கப்பட்ட சுண்ணாம்பு மேற்பூச்சு. உமியும் நாரும் களிமண் காயும்போது வெடிக்காதிருக்கச் சேர்க்கப்பட்டவை. இவ்வமைப்பு ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை வெளிவிடும். கவிந்த பாறையின் கீழ் அது போதுமானதாயிருந்தது. வெளியிலோ போதாமற் போயிற்று.

இங்கு மற்றொரு வினா எழுகின்றது. வண்ணங்கள் எதனாற் பிணைக்கப்பட்டன? ஈரச் சுண்ணாம்பின் மீது எழுதப்பட்டனவாயின், சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக் கல்சியங் காபனேற்றாக இறுகும்போது வண்ணமும் அதனுள் அகப்பட்டு நிற்கும். பசையிற் குழைத்து உலர்ந்த சுவரில் எழுதப்பட்டனவாயின், ஈரத்துணியொன்றே அவற்றை அழித்துவிடப் போதும். தொல்பொருட் திணைக்களத்தில் இரசாயனவியலாளராயிருந்து பின்னர் அதன் ஆணையாளராகவும் விளங்கிய ராஜா த சில்வா, பிணைப்பூடகத்தில் உலரும் எண்ணெய் இருந்ததென்னும் முடிவுக்கு வந்தார். இம்முடிவு கலைவரலாற்றில் ஒரு நுணுக்கச் செய்தி மட்டுமன்று. உலரும் எண்ணெய் காற்றில் இறுகி நீரிற் கரையாத படலமாகும் இயல்பினது. ஓவியன் அதனை அறிந்தே சேர்த்தானா, வண்ணம் நன்கு ஒட்டுதற்கென்று மட்டும் சேர்த்தானா என்பது வேறு. எவ்வாறாயினும் நீரை உறிஞ்சும் சுதையின் மேல் நீரை ஏற்காத ஓர் ஏட்டை அவன் படியவைத்தான்.

இத்தகைய ஆராய்ச்சியின் பயன் எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது. 1967 ஒக்டோபரில் ஓரிரவு தீயோர் சிலர் குகையுட் புகுந்து, ஓவியங்களின் மீது பச்சை வண்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். நுண்டுளைச் சுவரில் நெய்வண்ணம் ஊறிவிட்டால் மீட்பது கடினம். அதனைக் கரைக்கும் கரைப்பான் பழைய வண்ணத்தையும் கரைத்துவிடலாகாது. பழைய வண்ணத்தின் பிணைப்பு யாதென அறிந்திருந்தாலன்றி எக்கரைப்பானையும் தொடுதல் இயலாது. உரோமிலிருந்து வந்த லூசியானோ மறன்சி என்னும் நிபுணரின் பொறுமையான உழைப்பினால் ஓவியங்களுட் பெரும்பகுதி மீண்டது.

ஓவியக் குகையின் கீழே செல்லும் நடைபாதையை அணைத்து நிற்பது கண்ணாடிச் சுவர். செங்கல்லாற் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, முகம் தெரியுமளவுக்கு மெருகேற்றப்பட்டமையால் இப்பெயர் பெற்றது என்பர். இதன் மீது வழிப்போக்கர் கீறிய சிங்களப் பாடல்கள் 685ஐப் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார். அவற்றுட் பல எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை. சிங்கள மொழி வரலாற்றுக்கு இவை தரும் சான்று ஒப்பற்றது. அச்சான்று நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம் சுதையின் தன்மையே. நீர்த்த சுண்ணாம்பு முற்றாக இறுகுமுன் வழவழப்பான கல்லால் மீண்டும் மீண்டும் தேய்ப்பின், மேற்பரப்பின் துளைகள் அடைபட்டு அது நெருக்கமுறும். நீர் நுழைய வாயில் குறையும். முட்டை வெண்கருவும் தேனும் அச்சாந்தில் சேர்க்கப்பட்டன என்பது பரவலாக வழங்கும் செய்தி. செவிவழிச் செய்தியை வரலாறாகக் கொள்ளல் தகாதெனினும், சேர்க்கை எதுவுமில்லாத சுண்ணாம்பையும் தேய்ப்பினால் மட்டுமே பெரிதும் மெருகூட்டலாம் என்பதை மறத்தலாகாது. தேனை நம்புவோர் கொத்தனின் கையை மறந்துவிடுகின்றனர்.

எனினும் சுண்ணாம்போடு நெய்ப்பொருளைச் சேர்க்கும் மரபு உலகின் பல பகுதிகளிலும் இருந்தமைக்குச் சான்றுண்டு. திறந்தவெளித் தளங்களை ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஒலிவ எண்ணெயின் மண்டியால் ஊறவைக்குமாறு உரோமக் கட்டடக்கலைஞர் வித்துருவியசு எழுதினார். மொறொக்கோ நாட்டவர் சுண்ணாம்புப் பூச்சை ஒலிவச் சவர்க்காரம் தடவிக் கல்லால் தேய்த்து, நீர்த்தொட்டிகளுக்கும் நீராடும் அறைகளுக்கும் பயன்படுத்துவர். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவர்ப்பூச்சில் முட்டை வெண்கருவும், கடுக்காய் ஊறிய நீரும் இடம்பெற்றன. இவற்றுள் எண்ணெய் முறையின் இரசாயனம் தெளிவானது. எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் சுண்ணாம்பிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கல்சியச் சவர்க்காரமாகிறது. நாம் குளிக்கும் சவர்க்காரம் போலன்றி இது நீரிற் கரையாது. இதன் ஒரு முனை சுண்ணாம்பைப் பற்றிக்கொள்ள, மறுமுனையாகிய நீண்ட கொழுப்புச் சங்கிலி வெளியே நின்று நீரைத் தள்ளுகிறது. துளை அடைபடுவதில்லை, துளையின் சுவர் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. நீர்த்துளி நுழையாது, நீராவி வெளியேறும்.

கண்டி இராச்சியக் காலத்தில் மாத்தளைப் பகுதியில் இந்நெறி எவ்வாறிருந்தது என்பதை அறிய உதவுபவர் ஆனந்த குமாரசுவாமி. இவரைக் கலைஞானியாகவே தமிழுலகம் அறியும். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளியல் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராயிருந்தவர் இவர். பாறையையும் கனியத்தையும் தேடி ஊர் ஊராகச் சென்றவரின் கண்ணிற் கைவினைஞர் பட்டனர். அதன் பயனே 1908இல் வெளிவந்த அவரது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். கண்டிக்கால ஓவியர் வெண்களிமண்ணால் வெள்ளைத்தளம் இட்டு, அதன்மேற் பசையிற் குழைத்த வண்ணந் தீட்டினர். பசை நீரிற் கரைவது. ஆதலின் தொரண மரத்திலிருந்து வடியும் எண்ணெய்ப்பிசினைக் கொண்டு மேலே மெருகுப்பூச்சு இடும் வழக்கம் அவர்களிடையே நிலவிற்று. சிகிரியாவில் வண்ணத்தினுள்ளேயே கலந்திருந்த எண்ணெய், இங்கு வண்ணத்தின் மேலே தனி ஏடாகப் பிரிந்து நிற்றல் நோக்கத்தக்கது.

நீர்விலக்கின் வரலாறு இருபதாம் நூற்றாண்டில் வேறொரு திருப்பத்தை அடைந்தது. கல்லைக் காக்கச் சிலிசிக் அமில எசுத்தர்களைப் பயன்படுத்தலாமென ஒவ்மன் என்னும் செருமானிய இரசாயனவியலாளர் 1861இலேயே கூறியிருந்தார். 1940களிற் சிலிக்கோன்கள் தொழிற்சாலைகளிற் பெருமளவில் ஆக்கப்பட்ட பின்னர் அக்கனவு நனவாயிற்று. களிமண், செங்கல், கருங்கல் ஆகிய சிலிக்கேற்றுப் பரப்புகளில் இவற்றின் மூலக்கூறுகள் உறுதியாகப் பிணைந்துகொள்ளும்; சுண்ணாம்பிலோ அப்பிணைப்பு வலிமை குன்றியது. ஆதலின் அங்குப் பழைய கொழுப்பமிலமே இன்றும் கைகொடுக்கின்றது. இதே முறையால், வெப்பத்திற் பொரிந்து துளைமயமாகும் பேளைற்று, வேமிக்குலைற்று முதலிய கனிமங்களை நீர் ஏற்காதனவாக மாற்றிக் கடலிற் சிந்திய எண்ணெயை உறிஞ்சப் பயன்படுத்துகின்றனர். நீரை விட்டு எண்ணெயை மட்டும் குடிக்கும் கல் என அவற்றைக் கூறலாம். எண்ணெயை உறிஞ்சிய பின் அக்கனிமத்தை அள்ளி அப்புறப்படுத்திவிடுவர். சுவரோவியத்தை அவ்வாறு அப்புறப்படுத்தல் இயலாது.

ஆய்வுகூடத்தில் வெற்றியெனப்படுவது தொல்லிடத்தில் எப்போதும் வெற்றியாகாது என்பதற்கு அசந்தா ஓவியங்களுக்கு நேர்ந்ததே போதிய சான்று. 1920களின் தொடக்கத்தில் ஐதராபாத்து நிசாமின் அழைப்பில் வந்த செக்கோனி, ஓர்சினி என்னும் இத்தாலிய நிபுணர் இருவர், பெயர்ந்துகொண்டிருந்த ஓவியங்களை ஒட்டிப் பாதுகாத்தனர். அவற்றின் மீது அரக்குப் பூச்சும் இட்டனர். தொடக்கத்தில் வண்ணங்கள் பளிச்சிட்டன. காலஞ்செல்லச் செல்ல அரக்கு மஞ்சளித்துக் கருகிற்று. சுருங்கி வண்ணத்தையும் இழுத்தது. இந்தியத் தொல்லியல் அளவைத் துறையினர் பின்னர் அதனை நீக்குதற்குப் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது. அரக்கு நீரை விலக்கவில்லை என்று யாரும் கூறார். முன்னிருந்து வரும் நீரையே அது விலக்கிற்று. பின்னிருந்து வரும் ஈரத்தையோ வெளியேற விடாது அடைத்து வைத்தது.

பாறைக் குகையில் நீர் வருவது பெரும்பாலும் பின்னிருந்தே. குன்றின் உச்சியில் விழும் மழை, வெடிப்புகளின் வழி இறங்கிப் பூச்சின் முதுகை அடைகின்றது. ஆதலாற் சிகிரியாவிலோ தம்புள்ளையிலோ ஒரு புதிய நீர்விலக்குப் பொருளைப் பரிந்துரைப்பவர் முதலில் விடையளிக்க வேண்டிய வினா, அது நீரை எவ்வளவு விலக்கும் என்பதன்று; நீர் எப்பக்கமிருந்து வருகிறது என்பதே. நீர்வடி விளிம்பை வெட்டியவர்கள் இவ்வினாவிற்கு விடை கண்டவர்கள். மெருகிடும் கையோடு வந்தவர்களும், இரசாயனத்தோடு வந்தவர்களும் எப்போதும் அதனைக் கேட்டார்களென்று கூறுவதற்கில்லை.

தம்புள்ளையில் இதனை நேரிற் காணலாம். வட்டகாமினி அபயன் கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் இக்குகைகளைக் கோயிலாக்கினான் என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிசங்கமல்லன் இங்குள்ள சிலைகளுக்குப் பொன் பூசினான். இன்று காணப்படும் ஓவியங்களுட் பெரும்பாலானவை கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்துப் புதுப்பிப்பைச் சார்ந்தவை. பரப்பு ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர். நீர்வடி விளிம்பின் கீழே, 1938இல் வளைவுகளோடு கூடிய வெண்ணிற முகமண்டபம் எழுப்பப்பட்டது. அது குகைகளின் பழைய தோற்றத்தை மறைத்துவிட்டது எனக் குறைகூறுவோர் உளர், அக்குறை பொருந்துவதே. ஆயினும் சாரல் மழைக்கு அது தடையாயிருத்தலும் மறுக்கவொண்ணாதது.

அவ்விளிம்பும் மண்டபமும் தடுக்கவியலாத நீரொன்று இரண்டாம் குகையாகிய மகாராச விகாரையினுள் உள்ளது. கூரைப் பாறையின் வெடிப்பொன்றினூடாக அது துளித்துளியாகச் சொட்டிக்கொண்டேயிருக்கிறது. அதனை அடைத்துச் சுதை பூசி மறைப்பதற்குப் பதிலாக, அது விழுமிடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துச் சுற்றிலும் வேலியிட்டுள்ளனர். அந்நீர் பூசைக்கெனப் போற்றப்படுகின்றது.